உப்புநீர் காணாத செம்பாகை

நலம் பெருகுக. வெயிலை வெண்குடையாலும் மழையை ஆணையாலும் தடுத்தருளும் கொன்றைநாட்டு மன்னர் விழுப்பரையரின் மந்திரி விடுக்கும் ஓலை. ஆற்றுக்கு அக்கரையில் அரசு வீற்றிருக்கும் ஆலநாட்டு வேந்தர் செங்கண்ணரையர் திருமுன் இது காண்க. தங்கள் ஏரிகள் நிறைக. தங்கள் தறிகள் ஓயாதிருக்க. தங்கள் படை, இவ்வோலையைப் படித்து முடிக்கும்வரையிலாவது, பாசறையிலேயே இருக்க.

தாங்கள் அன்போடு அனுப்பிய பதினெட்டு முழச் செம்பாகை வந்து சேர்ந்தது. எம் அரசரின் தலைப்பாகைக் காவலன் சேந்தன் காரி, ஈரவிரலால் அதன் ஓரத்தைத் தேய்த்துப் பார்த்தான், விரல் சிவந்தது. கோடைக்கு மெல்லிய துகில், அவைக்குப் பட்டு, வேட்டைக்கு முரட்டுப் பருத்தி என்று தெரிந்தெடுப்பதும், நெற்றியை இறுக்காமல் சுற்றுவதும், வியர்த்த பாகையைப் நுரைக்கும் பூவந்திக்காய் நீரில் அலசிப் பிழியாமல் நிழலில் உலர்த்துவதும் இருபது ஆண்டாக அவன் தொழில். ஆகையால் புதுச்சாயத் துணியை மூன்று நாள் உப்புநீரில் ஊறவைத்து, நீர் தெளியும்வரை அலசிய பின்னரே அணியத்தகும் என்று விண்ணப்பித்தான். மறுநாளோ தேர்த்திருவிழா. மன்னர் தலையில் ஏறிய நிறத்துக்கு இறங்கிப்போகும் துணிவும் உண்டோ என்று எம் அரசர் வினவியருளினார். துணியிடம் கேட்கவேண்டியதைக் காரியிடம் கேட்டால் அவன் என் செய்வான்? சுற்றிவிட்டான்.

மேலவீதியில் தூறல் விழுந்தது. மன்னரின் நெற்றியிலிருந்து மூக்குவழியே மார்புவரை செம்மை வழிந்தது. சாயம் என்றால் அரசவாக்குப் பொய்க்குமாதலால், அருகிருந்தோர் அனைவரும் குருதி என்றனர். குருதி என்றான பின், அரண்மனை மருத்துவர் இல்லாத காயத்துக்குக் கட்டுப் போட்டார். காயம் என்றான பின், அம்பின்றிக் காயம் ஏது என்றார் சேனாபதி. அம்புக்கு எய்தவர் வேண்டும். அண்டைநாடு என்று எமக்கிருப்பது தங்களுடையது ஒன்றே. மூவாயிரம் வீரர் இன்று ஆற்றங்கரையில் தங்கள் திசை நோக்கிச் சோறு பொங்குவது இதனால்தான். பொறுத்தருள்க.

அவையில் காரி ஒருவன் மட்டும் அது சாயம் என்றான். நுணலும் தன் வாயால் கெடும் என்பதை அறியாதவன் அல்லன். ஆயினும் தான் சுற்றிய பாகையை அம்பு துளைத்தது என்று கேட்டபின் அவனால் பொறுத்திருக்க முடியவில்லை. பதினெட்டு முழத்தையும் அவைநடுவே விரித்து, துளை எங்கே என்று கேட்டான். துளை இல்லாதபடி இழையோட்டித் தைக்கும் கைத்திறம் இந்நாட்டில் இவன் ஒருவனுக்கே உண்டு என்றார் சேனாபதி. ஆகவே துளையை மறைத்தவன் அம்பையும் மறைத்தவன் எனவும், வரும் முழுமதிக்குள் அம்பைக் காட்டாவிடில் அவன் தலை வீழும் எனவும் தீர்ப்பாயிற்று. இதை எழுதும் மந்திரியும் அன்று ஆம் என்று தலையசைத்தவனே. அந்த வெட்கமே இவ்வோலையை எழுதுவிக்கிறது.

ஆதலால் தங்கள் கொல்லரைக்கொண்டு ஓர் அம்பு செய்வித்து, தங்கள் வேடன் மானுக்கு எய்தது வழிதவறிற்று, பின்னர் அவனே அதைப் பொறுக்கிக்கொண்டான் என்னும் செய்தியோடு அனுப்பியருள்க. எம் மன்னர் மன்னித்தருள்வார். பிறர் பிழைகளை மன்னிப்பதில் அவருக்கு மிக்க விருப்பம். படையும் திரும்பும், காரியின் தலையும் தப்பும். காரியைச் சிறையில் கண்டு, அம்பு வரும் நாளில் வாய் திறவாதிருக்குமாறு வேண்டிக்கொண்டாயிற்று. அவனோ, துளை எங்கே என்று அப்போது கேட்பார்களே என்றான். ஒருவரும் கேட்கமாட்டார்கள் என்று உறுதி கூறப்பட்டது.

இது மந்திரி முத்திரை. கண்டதும் ஓலையைத் தீயிலிடுக. அம்பை விரைந்த குதிரையில் விடுக்க. முனையில் குருதி தோய்க்க வேண்டா. சாயம் இங்கே வேண்டிய மட்டும் உண்டு.