தங்கத் தூளும் ஒரு தந்தியும்

அமெரிக்கா
18.6.1995

அன்புள்ள புகழுக்கு,

இன்றுதான் முதல் முறையாக ஜீன் கன் என்கிற மரபணுத் துப்பாக்கியால் சுட்டேன். கண்ணுக்கே தெரியாத தங்கத் தூளில் டி.என்.ஏ.வைப் பூசி, ஹீலியம் வாயுவின் வேகத்தில் நெல் செல்களுக்குள் பாய்ச்சுகிறோம். அது மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியாவின் டி.என்.ஏ. அந்த நெல்லைக் கடித்தால் குருத்துப்பூச்சி செத்துப்போகும். அப்பா முதுகில் மருந்து டேங்கைச் சுமக்க வேண்டாம்.

அடிபட்ட செல்களில் பெரும்பாலானவை சாகும். பிழைத்ததைப் பார்த்துக்கொள்ள என்னைத் தவிர ஆளில்லை. ஒரு வாரம் விட்டாலும் எல்லாம் போச்சு.

மருந்தடித்த அன்று அப்பாவுக்குத் தலை சுற்றுகிறதாமே? மூக்கில் துண்டு கட்டிக்கொள்ளச் சொல்லுங்கள், மாப்பிள்ளை சொன்னால் கேட்பார்.

உங்கள் எழில்மொழி

குத்தாலம்
3.12.1995

அன்பு எழில்,

ஒரு மாதமாக எழுதாததற்குக் கோபிக்காதே, பள்ளியில் தேர்வு நேரம். மாமா மருந்தடிப்பதை விட்டுவிட்டார். வயலை நான்தான் பார்க்கிறேன். நீ உன் வேலையைக் கவனி. குளிருக்கு நல்ல கோட்டு வாங்கினாயா?

புகழேந்தி

அமெரிக்கா
11.2.1996

புகழ்,

இரண்டாயிரத்தில் ஒன்று பிழைத்துவிட்டது! வேர்விட்டு நிற்கிறது. இலையைத் தின்ற புழுக்கள் மூன்றாம் நாளே செத்தன. இதை அப்பாவிடம் நானே சொல்ல வேண்டும். மார்ச் 3, ஞாயிறு உங்கள் நேரம் காலை எட்டு மணிக்கு அஜீஸ் பாயின் எஸ்.டி.டி. பூத்துக்குப் போன் செய்கிறேன். அப்பாவைக் கூட்டி வாருங்கள். அவர் ஏன் எனக்கு ஒரு வரிகூட எழுதவில்லை?

எழில்

குத்தாலம்
3.3.1996

எழில்,

போன் மூன்று முறை அடித்தது. "எடுங்க சார், அமெரிக்கா லைன்" என்றார் அஜீஸ் பாய். என்னால் எடுக்க முடியவில்லை.

மாமா இல்லை. நவம்பர் ஒன்பதாம் தேதி போய்விட்டார். மருந்தடித்துக்கொண்டிருந்தவர் வரப்பில் விழுந்தார். தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் கிடந்தார். "பாப்பாவுக்குத் தந்தி அடிச்சிடுங்க மாப்பிள்ளை" என்றார். நான் அடிக்கவில்லை. நீ வந்துவிடுவாய், செல்களெல்லாம் செத்துவிடும் என்று நினைத்தேன். கொள்ளி நான்தான் வைத்தேன்.

என்னைத் திட்டியாவது எழுது.

புகழேந்தி

அமெரிக்கா
20.3.1996

புகழேந்திக்கு,

ஒரே கேள்வி. தந்தி அடித்துவிட்டதாக அப்பாவிடம் சொன்னீர்களா? நான் வருவேன் என்று காத்திருந்தாரா?

எழில்மொழி

குத்தாலம்
6.4.1996

எழில்,

சொன்னேன்.

இரண்டாம் நாள் காலையில், "பாப்பா கிளம்பிட்டாளா?" என்று கேட்டார். "கிளம்பிட்டா மாமா" என்றேன். கதவுப் பக்கம் திருப்பிப் படுக்க வைக்கச் சொன்னார். சாயங்காலம் வரை அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

சொல்லவில்லை என்று எழுதியிருந்தால் ஒருவேளை நீ என்னிடம் திரும்பி வந்திருப்பாய். இன்னொரு பொய் எழுதக் கை வரவில்லை.

இதற்கு நீ பதில் போட மாட்டாய் என்று தெரியும்.

புகழேந்தி