சீமோனுக்குத் தெரிந்த ஒரே இலக்கம்

லெமிங்ரன்
07.07.2009

கோபம் இன்னும் ஆறாத கிளடிசுக்கு,

இனி என்னோடு கதைப்பதில்லை என்று நீர் சொன்னீர். எழுதுவதற்குத் தடையில்லை என்று நினைக்கிறேன். உம்மைக் கேட்காமல் ரொறன்ரோவை விட்டு நாலு மணித்தியாலத் தூரத்தில் இந்தத் தக்காளிப் பண்ணை வேலைக்கு வந்தது என் பிழைதான். நான்கு மாதமாக என் சமையலை நானே சாப்பிட்டு அதற்குரிய தண்டனையை அனுபவிக்கிறேன்.

என்னோடு வேலை செய்கிற குலசிங்கம் சனிக்கிழமைகளில் ஸ்காபரோவுக்கு வந்து ஞாயிறு இரவு திரும்புபவன். அவனிடம் இந்தக் கடிதத்தையும் என் கைத்தொலைபேசியையும் கொடுத்து விடுகிறேன். இந்தப் போனுக்குக் காசு கட்டிப் போடுகிற காட் ரொறன்ரோவுக்குள் மட்டும்தான் மலிவு. இங்கே ரோமிங். வருகிற அழைப்பை எடுத்தாலே காட் கரைந்துவிடும். போன ஞாயிறு தெரியாத இலக்கம் ஒன்றிலிருந்து மணி அடித்தது. "அண்ணை, நான்..." என்றது ஒரு குரல். அதோடு காட் முடிந்து அழைப்பு அறுந்துவிட்டது. கிளடிஸ், அது என் தம்பி சீமோனின் குரல். சத்தியம் பண்ணுவேன். யுத்தம் முடிந்து ஏழு கிழமையாக அவன் இருக்கிறானா இல்லையா என்று தெரியாமல் கிடந்தேன். அவனுக்குத் தெரிந்த ஒரே இலக்கம் இதுதான்.

ரொறன்ரோவில் இருப்பது நீர்தான். என்னோடு எவ்வளவு கோபம் என்றாலும் இதற்குச் சார்ஜ் போட மறக்காதேயும்.

அகஸ்ரின்


ஸ்காபரோ
20.07.2009

சொல்லாமல் போனவருக்கு,

சீமோன் உயிரோடு இருக்கிற செய்தியை நேற்றே குலசிங்கத்தைக் கொண்டு உங்களுக்குச் சொல்லுவித்தேன். விபரம் இதுதான்.

பூசையில் பிரசங்கம் முடிகிற நேரம் உங்கள் போன் அடித்தது. சுவாமியார் பார்த்த பார்வையில் எனக்கு நரகம் நிச்சயம். வெளியே ஓடினேன். "அண்ணி, சீமோன் கதைக்கிறன். செட்டிகுளம் அகதி முகாமில நிக்கிறன். காலில ஒரு காயம், இப்ப பரவாயில்லை" என்றான். கோயில் படியிலேயே இருந்து அழுதுவிட்டேன்.

"அழாதேங்கோ அண்ணி. இது வேற ஆக்களின்ர போன், கெதியாக் கதைக்கோணும். அண்ணை எங்கை?"

"குளிக்கிறார்" என்றேன்.

"பின்னால பாட்டுக் கேக்குது?"

"ரேடியோ."

கோயில் வாசலில் நின்று அடுத்தடுத்து இரண்டு பொய். முகாமில் இருக்கிறவனிடம் நாங்கள் திக்கொன்றாய் இருக்கிறோம் என்று எப்படிச் சொல்வது? இரண்டு கிழமைக்கு ஒருக்கால் ஞாயிறில் எடுப்பானாம்.

தக்காளியையே தின்று வயிற்றைக் கெடுக்காதேங்கோ.

கிளடிஸ்


லெமிங்ரன்
24.07.2009

கிளடிஸ்!

இன்றைக்கு வேறு அடைமொழி ஒன்றும் வரவில்லை. குலசிங்கம் சொன்னபோது தக்காளிப் பெட்டியைப் போட்டுவிட்டேன். மேற்பார்வையாளர் ஏசினார். ஏசட்டும் என்று சிரித்துக்கொண்டே பொறுக்கினேன். எனக்காக இரண்டு பொய் சொன்னீர். நான் அதற்குத் தகுதியில்லாதவன்.

நான் தங்கியிருக்கும் வீட்டுத் தொலைபேசியின் இலக்கத்தைப் பின்பக்கத்தில் எழுதியிருக்கிறேன். அடுத்தமுறை அவன் எடுத்தால் கொடும். இரண்டாந் திகதி ஞாயிறு முழுக்க அதற்குப் பக்கத்திலேயே இருப்பேன். அவன் குரலை ஒருதரம் முழுசாகக் கேட்கவேண்டும்.

நன்றியோடு,
அகஸ்ரின்


ஸ்காபரோ
03.08.2009

இஞ்சாருங்கோ,

நேற்று முழுக்கக் காத்திருந்திருப்பீர்கள். மணி அடித்திராது.

சீமோன் எனக்கு எடுத்தான். கால் ஆறிவிட்டதாம். கூடாரத்தில் சீட்டாட்டத்தில் எல்லாரையும் வெல்கிறானாம். "அண்ணை?" என்றான். அவசரத்தில் "பூசைக்குப் போயிட்டார்" என்று சொல்லிவிட்டேன்.

"அண்ணையோ? பூசைக்கோ?" என்று விழுந்து விழுந்து சிரித்தான். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. "அண்ணி, அண்ணைக்கு ஒண்டும் நடக்கேல்லையே? உண்மையைச் சொல்லுங்கோ" என்று கேட்டான். முள்ளுக்கம்பிக்குள் இருந்துகொண்டு அவன் உங்களுக்காகப் பயப்படுகிறான். "ஒண்டுமில்லை. வாற ஞாயிறு எடு, அவரே கதைப்பார்" என்றேன். ஓம் என்றான்.

நீங்கள் எழுதிய இலக்கம் என் கையில்தான் இருந்தது. வாசித்துச் சொல்ல ஒரு நிமிடம் போதும். நான் சொல்லவில்லை. சொன்னால் அவன் உங்களுக்கு எடுப்பான், நீங்கள் அங்கேயே இருந்துவிடுவீர்கள். பிறகு நீங்கள் எனக்குக் கடிதமும் எழுதமாட்டீர்கள் என்று பயந்தேன். அந்தப் பெடியனின் கஷ்டத்துக்குள் நான் என் காரியத்தைப் பார்த்தேன். பெரிய பிழை, ஒத்துக்கொள்கிறேன்.

சனிக்கிழமை குலசிங்கத்தின் வான் வண்டியில் உங்களுக்கு இடம் வைக்கச் சொல்லியிருக்கிறேன். என்மேல் கோபம் வந்தால் அங்கே இருந்து எழுதிக்கொண்டிருக்க வேண்டாம். வீட்டுக்கு வந்து கோபியுங்கோ.

உங்கள்,
கிளடிஸ்