முருகேசன் போட்ட லைக்

செவ்வாய், இரவு

பஸ்ஸில் இடித்தவனைத் திட்டி என் மகள் மலர் போட்ட வீடியோவுக்குக் கீழே வசவு இன்னும் ஓயவில்லை. "எனக்குப் பழகிருச்சும்மா, நீ பாக்காத" என்றாள். அவள் தூங்கியதும் போனை எடுத்துப் பார்த்தேன். "நாளைக்கு பஸ்ஸ விட்டு எறங்குவேல்ல, அப்பப் பாரு" என்று முகம் காட்டாத எவனோ எழுதியிருக்கிறான். அதற்கு லைக் போட்டவர்களில் ஒருவனின் படத்தில் எங்கள் பூ வேன் நிற்கிறது. முருகேசன்.

எங்கள் மல்லிகையை நிலக்கோட்டை மார்க்கெட்டுக்கு ஏற்றிப் போகிறவன். இன்று காலை பூ மூட்டையைத் தூக்கிக்கொண்டே கேட்டான், "பாப்பா எந்த பஸ்லக்கா காலேஜுக்குப் போகுது?" அக்கறையாகத்தான் கேட்கிறான் என்று நினைத்து பஸ்ஸைச் சொன்னேன். எங்கே இறங்குவாள் என்பதை அவன் கேட்கவில்லை. அதையும் நானே சொன்னேன்.

தெரியாமல் விரல் பட்டிருக்கலாம். அப்படித்தான் இருக்கும். மலரின் அப்பாவை எழுப்பிச் சொன்னால் முதல் வேலையாக அவள் படிப்பை நிறுத்திவிடுவார். சொல்லாமல் விட்டால்...

விடியுமுன் வேன் வந்துவிடும். வாசலில் நின்று "அக்கா" என்பான். நான்தான் கதவைத் திறக்க வேண்டும். "பாப்பா இன்னைக்கும் போகுதாக்கா?" என்று கேட்டால் என்ன சொல்வேன்?