நாலு மணிக்கு மறைந்த சூரியன்

என் நேமிராஜா, பாத்திரக்கடை நயினாரே, அடப் பாவி,

நல்லா இருக்கியா என்று கேட்க மாட்டேன். போன ஆடியில் உன்னை எரித்துவிட்டுத் தலை முழுகி வந்தவர்களில் நானும் ஒருவன். கோபத்தில்தான் எழுதுகிறேன். பாதிக் கோபம் உன் மேல், மீதி நம் செஞ்சி ஊர் மேல் என்று நினைத்துத்தான் உட்கார்ந்தேன். எழுதி முடிக்கும்போது பங்கு மாறிப்போனால் என்னைக் கேட்காதே.

இதை ஒட்டின கவரில் போடாமல் நாலு பேர் படிக்கும்படி எழுதுவதற்குக் காரணம் உண்டு. உன்னைப் பற்றிய பேச்சை ஊரறியப் பேசியவன் நான். அதைத் திரும்ப எடுப்பதை மட்டும் உன் காதோடு வைத்துக்கொள்ள எனக்கு என்ன யோக்கியதை?

முதலில் சேதி. நான் காட்மாண்டு போய் வந்துவிட்டேன். ஆமாம், நானேதான். நம் கோட்டை மலை ராஜகிரியில் பாதி ஏறியதும் மூச்சு வாங்கி, 'மிச்சத்தை அந்தக் காலத்து ராஜா ஏறிட்டாரு' என்று சொல்லி இறங்கி வருவேனே, அதே தண்டபாணி. அம்மாவின் காரியத்துக்குக் காசி போனேன். கூட வந்தவன் என் பெண்டாட்டியின் தம்பி ஏழுமலை. பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்று வந்தவன், இந்தி தெரியும். "இவ்ளோ தூரம் வந்துட்டோம் மாமா, பசுபதிநாதரையும் ஒரு எட்டு பாத்துட்டுப் போயிடலாம்" என்றான். ஒரு எட்டு! ரயிலில் ஒரு ராத்திரி, பிறகு ஒரு பகல் முழுக்க மலைப்பாதையில் பஸ். ஒவ்வொரு வளைவிலும் காசியில் சாப்பிட்டதைப் பசுபதிநாதருக்கு முன்கூட்டியே காணிக்கை செலுத்திக்கொண்டே போனேன்.

குளிரைப் பற்றி நீ சொன்னபோது நம்பாமல் சிரித்தேன் அல்லவா? வாங்கிக் கட்டிக்கொண்டேன். ஏழுமலையின் பட்டாளத்துக் கோட்டு எனக்கு முழங்காலுக்குக் கீழே தொங்கியது. அதற்கு மேல் குரங்குக் குல்லாய், மப்ளர். கண்ணாடியில் பார்த்தால் யாரோ திருட வந்தவன் போலிருந்தேன். காலையில் சொம்புத் தண்ணீரில் விரலை விட்டேன், விரல் இருக்கிறதா என்று எண்ணிப் பார்த்துக்கொண்டேன். ஒன்பது மணி வரைக்கும் மூடுபனி. அது விலகியதும் செங்கல் சந்துகளிலிருந்து சனங்கள் வெளியே வந்து, ஆரஞ்சுப் பழத்தை உரித்துக்கொண்டு, வெயிலைச் சாப்பாடு மாதிரி வரிசையாக உட்கார்ந்து வாங்கிக்கொள்கிறார்கள். நெற்றியில் வாரைக் கட்டி ஆள் உயரச் சுமையை முதுகில் தூக்கிப் போகிறார்கள். மர ஜன்னல்களில் என்ன வேலைப்பாடு! நீ சொன்னதெல்லாம் அப்படியே இருந்தது. அதுதான்டா என் வயிற்றெரிச்சல்.

படிக்கிறவர்களுக்குப் பழைய கதை தெரியாது. சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், நீ குறுக்கே பேசாதே.

ஏழு வருஷத்துக்கு முன்னால் நேமி தன் ஜைன உறவுக்காரர்களோடு வடக்கே பீகார் பக்கம் சம்மேத சிகர மலைக்கு யாத்திரை போனான். மற்றவர்கள் திரும்பிவிட, இவன் மட்டும் பனிமலை பார்க்கும் ஆசையில் தனியாகக் காட்மாண்டு போனான். திரும்பி வந்து பஸ் ஸ்டாண்டு எதிரே தன் கடை வாசலில் நின்று எல்லோருக்கும் கதை சொன்னான். ஜைனர்கள் பொழுது சாய்ந்தபின் சாப்பிட மாட்டார்கள், அது அவர்கள் விரதம். நேமி அதில் ஒரு படி மேல். தினமும் சாயங்காலம் கடை வாசலில் கையை நீட்டி, சூரியனுக்கும் மலைக்கும் நடுவில் எத்தனை விரல் இருக்கிறது என்று அளப்பான். ஒரு விரலுக்குக் கால் மணி நேரம். நாலு விரல் வந்ததும் கடையைப் பையனிடம் விட்டு வீட்டுக்கு ஓடுவான். அப்படிப்பட்டவன் சொன்னான்:

"அந்த ஊர்ல நான் தங்கின எடத்துல நாலு மணிக்கெல்லாம் சூரியன் போயிடுது. மொத நாள் தெரியாம பட்டினி கெடந்தேன்."

நான் பஸ் கம்பெனியின் டைம்கீப்பர். மணி பார்ப்பதற்கே சம்பளம் வாங்குகிறவன். விடுவேனா? "நேபாளத்துக்குன்னு தனியா ஒரு சூரியன் வச்சிருக்கானுங்களா நயினாரே?" என்றேன். சிரிப்பு அள்ளியது. சிரிப்பு வந்தால் எனக்கு நிதானம் போய்விடும். "இல்ல, இருட்டுல பசி தாங்காம சாப்ட்டுட்டு, சூரியன் மேல பழியப் போடறீங்களா?" என்று அடுத்ததையும் போட்டேன். கடை வாசலே குலுங்கியது. நீயும் சிரித்தாய், நேமி. அன்றைக்கு ஏன் சிரித்தாய்?

அதோடு விட்டேனா? தினமும் நாலு மணிக்குத் திருவண்ணாமலை வண்டி. விசில் ஊதுவதற்கு முன்னால், "சூரியன் மறைஞ்சாச்சி, ஏறுங்க ஏறுங்க!" என்று கத்துவேன். எதிரே பித்தளைக் குடங்களுக்கு நடுவில் நீ உட்கார்ந்திருப்பாய். ஏழு வருஷம், தினமும். கண்டக்டர்கள் அதை ஏற்றிக்கொண்டு போனார்கள். சேத்பட்டில் இறக்கினார்கள், திண்டிவனத்தில் இறக்கினார்கள், உன் சொந்த ஊரிலும் இறக்கினார்கள்.

அங்கேதான் அது சிரிப்பாக இல்லாமல் போயிற்று. உங்கள் ஊர் ஜினாலயத்தில் விசேஷ நாட்களில் சாஸ்திரம் படிப்பவன் நீ. ஒரு பெரியவர் சபையில் எழுந்து, "இருட்டுல சாப்ட்டுட்டு வந்தவரு படிக்கிறத நாங்க எப்பிடிக் கேக்கறது?" என்றாராம். நீ அப்படியே புத்தகத்தை மூடித் துணியில் சுற்றிவைத்துவிட்டு இறங்கி வந்தவன், அப்புறம் சாகும்வரை படிக்கவே இல்லை.

ஏண்டா, உனக்கு வாய் இல்லையா? பஸ் ஸ்டாண்டுக்கு வந்து, நாலு பேர் எதிரில், 'நீ கண்டியா?' என்று கேட்டு என் கன்னத்தில் ஒன்று வைத்திருக்கக் கூடாதா? கடையில் அண்டா அண்டாவாக வைத்திருந்தாயே, ஒன்றைத் தூக்கி எறிந்திருக்கலாமே! அகிம்சை என்பாய். உன் அகிம்சையில் ஏழு வருஷம் குளிர் காய்ந்தவன் நான்.

கேள், காட்மாண்டுவில் நடந்ததை. உன் கதையில் நீ அடையாளம் சொன்ன அதே சத்திரத்தைத் தேடிப் போனேன். எதற்கு? பொய்யை நேரில் பிடித்து இன்னும் நாலு கதை கட்டலாம் என்றுதான். செத்தவனைக்கூட விடாத புத்தி. ஊருக்கு மேற்கே, ஸ்தூபி இருக்கிற குன்றின் அடிவாரத்தில், குன்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது அந்தச் சத்திரம். முற்றத்தில் உட்கார்ந்து வெயில் காய்ந்துகொண்டிருந்தேன். திடீரென்று யாரோ போர்வையை உருவிய மாதிரி குளிர் அடித்தது. நிமிர்ந்து பார்த்தால் சூரியனைக் காணோம், குன்றுக்குப் பின்னால் போய்விட்டது. கடிகாரத்தைப் பார்த்தேன். டைம்கீப்பர் கடிகாரம், பொய் சொல்லாது. நாலு ஆக இரண்டு நிமிஷம்.

அப்போது சத்திரத்துச் சமையல்காரர் வெளியே வந்தார். நாங்கள் மதராஸ் பக்கம் என்று தெரிந்ததும் சிரித்துக்கொண்டே வலது கையை நீட்டி, ஒரு கண்ணை மூடி, குன்றைப் பார்த்து விரல் விட்டு எண்ணினார். அது உன் கை, நேமி. உன் கடை வாசலில் நான் ஆயிரம் தடவை பார்த்த கை.

அவர் சொல்லச் சொல்ல ஏழுமலை தமிழில் சொன்னான். "மாமா, இன்னா சொல்றான்னா, உங்க ஊர்க்காரர் ஒருத்தர் வந்திருந்தாராம். மொத நாள் இவன் சோறு கொண்டாந்து வச்சப்ப வெயில் போயிடுச்சாம். தட்டத் தள்ளிட்டாராம். இவனுக்குக் கோவம். 'பத்து நிமிசம் மேல ஏறுங்க, குன்று மேல இன்னும் சூரியன் இருக்குது, அங்க உக்காந்து துன்னுங்க'ன்னு சொன்னானாம். அதுக்கு அவரு, கைசாடையும் அரகொற இந்தியுமா, 'சோறு வச்ச எடத்துல சூரியன் போயிடுச்சே, தட்டத் தூக்கிக்கினு அது பின்னால ஓடி ஏமாத்தச் சொல்றியா?'ன்னு கேட்டாராம். அப்புறம் தெனம் மூணு மணிக்கே இவன் அவலும் தயிரும் எடுத்து வச்சிடுவானாம். அந்த மாதிரி ஆளப் பாத்ததே இல்லன்றான் மாமா. நல்லா இருக்காரான்னு கேக்கறான். இன்னா சொல்லட்டும்?"

என்ன சொல்லச் சொல்வது? மொழி தெரியாத ஊரில், யாரும் பார்க்காத இடத்தில், பத்து நிமிஷ ஏற்றத்துக்கு ஒரு சாக்குக் கிடைத்தும் நீ பசியோடு படுத்திருக்கிறாய். அப்படிப்பட்டவனை ஊரெல்லாம் இருட்டில் தின்றவன் ஆக்கியிருக்கிறேன். "நல்லா இருக்காருன்னு சொல்லுடா" என்றேன். அங்கேயும் ஒரு பொய்.

உன் கடைசி நாட்களில் புதுச்சேரி ஆஸ்பத்திரிக்கு வந்தேனே, ஞாபகம் இருக்கிறதா? "மணி இன்னாடா ஆவுது?" என்று கேட்டாய். "உன் மணியா, என் மணியா?" என்றேன். பக்கத்துக் கட்டில்காரன்கூடச் சிரித்தான். நீ சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாய். நான் உன்னிடம் கடைசியாகப் பேசியது அதுதான். நாக்கை அறுத்துப் போடலாம் போலிருக்கிறது.

ஊருக்கு வந்ததும் முதல் வேலையாக உன் வீட்டுக்குப் போனேன். உன் வீட்டுக்காரி பத்மாவதி தங்கச்சியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அழுது, 'இப்பவாவது தெரிஞ்சுதே அண்ணே' என்பாள், நானும் சேர்ந்து அழுதுவிட்டு வரலாம் என்று ஒரு கணக்கு. தங்கச்சி அழவில்லை. முறத்தில் இருந்த மல்லாட்டைக் கடலையை உடைத்துக்கொண்டே கேட்டாள்:

"ஏன் அண்ணே, இத தெரிஞ்சிக்கறதுக்கு நேபாளம் போவணுமா? சின்ன வயசுல கோட்டை அடிவாரத்து செட்டிகுளத்துல நீங்க ரெண்டு பேரும் நீச்சல் அடிப்பீங்களாமே. மார்கழியில நாலு மணிக்கெல்லாம் ராஜகிரி நெழல் கொளத்து மேல வந்துடும், குளுரு தாங்காம தண்டபாணிதான் மொதல்ல கரையேறுவான்னு அவரு சொல்வாரு. அவரு உசுரோட இருக்கச்சே அந்தக் கொளம் எங்க போயிருந்துச்சி?"

நேமி, இதுதான் நான் சொல்லாமல் வைத்திருந்த பாக்கி. எனக்குத் தெரியும். உன் பொய்யைப் பிடிக்கத்தான் சத்திரம் தேடிப் போனேன் என்று மேலே எழுதியது எனக்கு நானே சொல்லிக்கொண்ட சாக்கு. நீ கடை வாசலில் நாலு மணி என்று சொன்ன அந்தக் கணமே குளம் என் கண் முன்னால் வந்தது. மலை அடிவாரத்தில் பிறந்து வளர்ந்தவனுக்கு இது தெரியாதா? இந்த ஊரில் ஆடு மேய்க்கிறவனுக்குக்கூடத் தெரியும். தெரிந்தேதான் வாயைத் திறந்தேன், ஏனென்றால் சிரிப்பு நன்றாக இருந்தது. சிரித்தவர்கள் அத்தனை பேருக்கும்கூடத் தெரியும். பொய் சொன்னது நீ இல்லை. ஊரே சேர்ந்து சொன்னது, நான் விசில் ஊதி அனுப்பினேன்.

மறுநாள் நாலு மணி வண்டி வந்தது. விசிலை வாயில் வைப்பதற்கு முன்னால் சத்தமாகச் சொன்னேன்: "நேமி நயினார் சொன்னது நெசம். நான் சொன்னது பொய். ஏறுங்க!" ஒருவரும் சிரிக்கவில்லை. ஒரு அம்மாள் கூடையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள். கண்டக்டர் தலையை நீட்டி, "இன்னா நைனா, ஒடம்பு கிடம்பு சரியில்லையா? பழசே நல்லா இருந்துச்சே" என்றான்.

பார்த்தாயா? பொய்யை ஓசியில் ஊர் ஊராக ஏற்றிப் போனவர்கள் நிஜத்துக்கு இடம் இல்லை என்கிறார்கள். சிரிப்பு இல்லாத சரக்கை எந்த வண்டியும் ஏற்றாது போலிருக்கிறது.

போகட்டும். நானே ஏறிக்கொள்கிறேன். வாரா வாரம் லீவு நாளில் ஒரு வழித்தடம். சேத்பட், திண்டிவனம், நடுவில் அந்தப் பொய் இறங்கின நிறுத்தம் ஒவ்வொன்றும். முதலில் உன் ஊர். அந்தப் பெரியவர் இன்னும் இருக்கிறார், கண் மங்கிவிட்டதாம், காது கேட்கிறதாம், அது போதும். வருகிற விசேஷ நாளில் ஜினாலயத்து வாசலில் நின்று இந்தக் கடிதத்தை முழுசாகப் படிப்பேன், செட்டிகுளத்தையும் விடாமல். செஞ்சியில் நாலு மணி வண்டிக்குத் தினமும் சொல்வேன். ஏழு வருஷம் சொன்னதை ஏழு வருஷம் சொல்லி இறக்கிவைக்கும்வரை எனக்கு ஆயுசு வேண்டும். அதற்கு மட்டும் உன் சாமியிடம் ஒரு வார்த்தை சொல்லிவை. நீ சொன்னால் நம்புவார்.

தெரிந்தே உன்னைப் பொய்யனாக்கிய,
உன் மச்சான்,
டைம்கீப்பர் தண்டபாணி,
செஞ்சி பஸ் ஸ்டாண்டு.