அப்பாவோட பிரஷர்

அப்பாவுக்கு,

பெரியவங்க மருத்துவ முகாம்ல பிரஷர் பார்க்குற மேசையில, ஏறியிருக்குன்னு சொன்னதும் பக்கத்துல நின்ன என்னைக் காட்டி, "காலேஜை விட்டுட்டு நிக்கிறான் பாருங்க, இவன் மூஞ்சியைப் பார்த்தா ஏறாம என்ன செய்யும்?"னு சொல்லிட்டு எழுந்து வீட்டுக்கு வந்துட்டீங்க. எல்லாரும் சிரிச்சாங்க. நர்ஸ் அக்கா சிரிக்கல. "இவ்வளவு ஏறியிருந்தா ஆபத்து தம்பி, இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ"ன்னாங்க.

நீங்க ரூமைப் பூட்டிக்கிட்டீங்க. அதான் இதைக் கதவுக்கு அடியில தள்ளுறேன்.

நர்ஸ் அக்கா பிரஷர் மெஷினோட நம்ம வாசல்ல நிக்கிறாங்க. நான் போயிடறேன். என் மூஞ்சி இல்லாம இன்னொரு தடவை பாருங்க. இறங்கியிருந்தா, சத்தியமா காலேஜுக்குத் திரும்பிப் போறேன்.

இறங்கலைன்னா பேசாம அக்காகூட வாங்க. தெருமுனையில வண்டி பிடிச்சு வச்சிருக்கேன். சீக்கிரம்ப்பா.

பிரஷர் ஏத்துற
உங்க பையன்