வேலியோரத்து எருக்கு

பிள்ளைகளின் அப்பாவுக்கு,

வேலூர் ஆஸ்பத்திரியில் இருக்கிறேன். சாகவில்லை.

கைப்பிள்ளை பால் மறக்கும் முன்னே இன்னொன்று வேண்டாம் என்று இருவரும்தான் பேசினோம். மலையிறங்கி ஒடுகத்தூர் ஆஸ்பத்திரி வாசல் வரை கூட்டிப்போனீர்கள். சுவரில் குடும்பக் கட்டுப்பாட்டுச் சிவப்பு முக்கோணத்தைப் பார்த்ததும் மிரண்டீர்கள்.

"உள்ள போனா ரெண்டு பேரையும் அறுத்துடுவானுங்க. வாடி வூட்டுக்கு!"

மாட்டேன் என்றேன். பஸ் ஸ்டாண்டில் எல்லோரும் பார்க்க அறைந்தீர்கள்.

பிறகு கருவைக் கலைக்க மருத்துவச்சி மங்கம்மாள் எருக்கங்குச்சியோடு வீட்டுக்கு வந்தாள். நான் கத்தாமலிருக்க வாயில் துணியை அடைத்து, முழங்காலை அமுக்கிப் பிடித்தது நீங்கள். பாய் நனைந்து தரையில் ரத்தம் ஓடிய பிறகுதான் விட்டீர்கள்.

இங்கே டாக்டரம்மா தலையில் அடித்துக்கொண்டார். "இதுக்குச் சட்டமே வந்து எவ்ளோ வருஷமாச்சு! நேரா வந்திருந்தா சாயங்காலமே வீட்டுக்குப் போயிருப்பியேம்மா."

குச்சி குத்திக் கர்ப்பப்பை அழுகிவிட்டதாம். அறுத்து எடுத்துவிட்டார்கள். நீங்கள் பயந்தது எனக்கு மட்டும் நடந்திருக்கிறது.

நான் வருவதற்குள் வேலியோரத்து எருக்கை வேரோடு பிடுங்கி எரித்துவிடுங்கள். பெரியவள் வயசுக்கு வரப்போகிறாள்.

இப்படிக்கு,
உங்கள் கையிலிருந்து தப்பியவள்