வெட்டாதே, அதுதான் ஸ்டைல்

மார்ச் 3, செவ்வாய்

கணக்குப் பரீட்சை. வினாத்தாள் என்னைப் பார்த்தது, நான் அதைப் பார்த்தேன், இரண்டு பேருக்கும் ஒன்றும் புரியவில்லை.

வீட்டுக்கு வந்தால் அண்ணன் கண்ணாடி முன்னால் நிற்கிறான். மேலே பனியன்தான். இல்லாத கோட்டுக்கு இல்லாத பொத்தானைப் போட்டுப் பழகிக்கொண்டிருக்கிறான். போனில் ஒருவன் 'ஆண்கள் கவனிக்கப்பட ஏழு வழிகள்' சொல்லிக்கொண்டிருந்தான். இவன் மூன்றாவது வழியில் இருந்தான்: தோளைப் பின்னால் தள்ளு, முகவாயைத் தூக்கு. நானும் பின்னால் போய் அதே மாதிரி நின்றேன். கண்ணாடியில் இரண்டு சேவல்.

"போடி வாலு" என்றான். சிரிக்கவில்லை. முன்பெல்லாம் சிரிப்பான்.

மார்ச் 7, சனி

சனிக்கிழமைகளில் ஆல்ட்டரேஷன் அக்கா கடையில் எனக்கு வேலை. பழைய தையலைப் பிரித்துக் கொடுக்க வேண்டும். இன்று வரிசையாக ஆண்கள், கோட்டுகளோடு. எல்லோரும் ஒரே மாதிரிதான். மாட்டுவார்கள், வயிற்றை உள்ளே இழுப்பார்கள், "எப்படியிருக்கு?" என்று மூச்சு விடாமலே கேட்பார்கள்.

"மூச்சு விடுங்க சார். அப்புறம் பொண்ணு முன்னாடி போய் மயங்கி விழுந்துடாதீங்க" என்றாள் அக்கா, குண்டூசியை வாயில் வைத்துக்கொண்டே.

ஒரு புதுக் கோட்டைக் காட்டிச் சொன்னாள். இடது கை நுனியில் கம்பெனிப் பெயர் போட்ட துணிப் பட்டை. பின்பக்கம் கீழே இருக்கும் திறப்பு விரியாமல் வெள்ளை நூலில் பெரிய பெருக்கல் குறி. கடையில் தொங்கும்வரைதான் இரண்டும். போடுவதற்கு முன் பிரித்துவிட வேண்டும். "இதோட வெளிய போறது, புதுப் பாத்திரத்துல ஸ்டிக்கரோட சமைக்கிற மாதிரி."

இரண்டு நிமிட வேலை. இன்று எட்டுக் கோட்டு பிரித்தேன்.

மார்ச் 8, ஞாயிறு

கோட்டு வந்தேவிட்டது. கருநீலம். எங்கள் வீட்டுச் சரித்திரத்தில் முதல் கோட்டு. அப்பா பஸ் ஓட்டுகிறார், டிப்போவில் கொடுத்த சட்டை. அம்மாவுக்கு ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவு, அவர்கள் கொடுத்த அங்கி. இந்த வீட்டில் யாரும் தனக்குப் பிடித்த நிறத்தில் எங்கேயும் போனதில்லை. அம்மா கையைத் துடைத்துவிட்டுத் தொட்டாள். அப்பா உள்பக்கத்தைத் திருப்பிப் பார்த்து, "நல்ல துணியெல்லாம் உள்ள வெச்சுத் தைச்சிருக்கானே, மடையன்" என்றார்.

"சரித்திரத்துக்கு யார் இஸ்திரி போடுறது?" என்றேன். அப்பா மட்டும் சிரித்தார்.

காரணத்தைக் கறந்துவிட்டேன். அண்ணன் மூக்குக்கண்ணாடிக் கடையில் பின்னறையில் லென்ஸ் தேய்க்கிறவன். முன்னறையில் கண் பரிசோதிக்கும் ஒருத்தி இருக்கிறாள். (எழுத்தெழுத்தாக வாசிக்க வைக்கிறவள் என்பதால் அவளுக்கு நான் வைத்த பெயர் எழுத்து டீச்சர்.) இரண்டு வருடமாக அவள் ஒரு சின்ன ஜன்னல் வழியாகப் பவர் எழுதிய சீட்டை நீட்டுகிறாள், இவன் வாங்குகிறான். அவ்வளவுதான் காவியம்.

"என் கையைத் தவிர வேற எதையும் அவ பார்த்ததில்ல" என்றான்.

"வரப்போ போறப்போ பார்த்திருப்பாளே?"

"கண்ணுல பட்டிருப்பேன். பார்த்ததில்ல."

பதினைந்தாம் தேதி எல்லாக் கிளைகளுக்கும் சேர்த்து ஓட்டலில் விருந்தாம். அங்கே முழு ஆளாகத் தெரிய வேண்டும். அதற்குத்தான் கோட்டு.

மார்ச் 11, புதன்

அண்ணனின் ஷூ கோட்டுக்குச் சேராது என்று நல்ல மனதோடுதான் சொன்னேன். "நீ முதல்ல கண்ணாடியைப் பாரு. உன்னை எவனாவது ஒருத்தன் திரும்பிப் பார்க்கட்டும், அப்புறம் வந்து எனக்குச் சொல்லு" என்றான்.

என் முகத்தில் ஐந்து பரு. அவனுக்குத் தெரியும். போய் முகம் கழுவினேன். நானா? பதில் இல்லாமலா?

மார்ச் 13, வெள்ளி

கையில் கத்தரிக்கோலோடு வந்தான்.

"ஏய் வாலு, நீ கடையில பார்த்திருப்பியே. இந்தப் பட்டையை வெட்டணுமா?"

ஒரு நொடிதான். "ஐயோ, வெட்டாதே! அதுதான் ஸ்டைல். எந்தக் கம்பெனின்னு தெரிய வேணாமா?"

"பின்னாடி இந்த நூலு?"

"கைத்தையல்னு காட்டுறதுக்கு. அது இருந்தாத்தான் மதிப்பே."

கத்தரிக்கோலைக் கீழே வைத்தான். "நல்லவேளை கேட்டேன்" என்றான்.

ஞாயிற்றுக்கிழமை கிளம்பும்போது வாசலில் சொல்லிவிடுவேன். "ஏமாந்தியா!" என்று ஒரு கத்து. தலையில் ஒரு குட்டு விழும். கணக்கு நேராகிவிடும்.

மார்ச் 15, ஞாயிறு. மாலை ஐந்து

போய்விட்டான். சொல்லவில்லை.

சொல்லத்தான் நின்றேன். அம்மா அவன் காலரைச் சரிசெய்துகொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அப்பா, "என் பஸ்ல ஏறினா கண்டக்டருக்கு உன்கிட்ட டிக்கெட் கேக்கவே பயமா இருக்கும்டா" என்றார். அவன் என் பக்கம் திரும்பினான். "நீ சொல்லு வாலு. நிஜமா எப்படியிருக்கேன்?"

அப்போது சொன்னால் இரண்டு நாளாகப் பொய் சொன்னது அம்மா எதிரில் வெளியாகிவிடும். அங்கே யாராவது பார்த்துச் சொல்வார்கள், பிய்த்துப் போட்டுவிட்டு வருவான், வந்து என்னைத் துரத்துவான். அவ்வளவுதானே?

"ராஜா மாதிரி" என்றேன். படியில் இறங்கும்போது மேலேயிருந்து கத்தினேன்: "கோட்டுப் போட்டுட்டுக் கோட்டை விட்டுட்டு வந்துடாதே!" திரும்பிப் பார்த்துச் சிரித்தான். கையை ஆட்டினான். பட்டை இருக்கிற கை.

எட்டு மணி

வந்துவிட்டான். பத்தாகும் என்று சொல்லிவிட்டுப் போனவன். கோட்டைக் கழற்றி ஹேங்கரில் ஒழுங்காக மாட்டினான். கதவைச் சாத்திக்கொண்டான். துரத்தவில்லை.

மார்ச் 16, திங்கள்

அம்மாவிடம் அடுப்படியில் துண்டு துண்டாகச் சொன்னான். நான் பாத்திரம் கழுவுவது போல நின்று கேட்டேன். தண்ணீரை மெதுவாக விட்டேன்.

குரூப் போட்டோவுக்கு நின்றிருக்கிறார்கள். மேனேஜர் இவன் கையைப் பிடித்துத் தூக்கிப் பட்டையைச் சத்தமாக வாசித்திருக்கிறார். "என்னப்பா, பிடிக்கலைன்னா திருப்பிக் கொடுத்துடுவியா?" பின்வரிசையில் நின்ற ஒருவன், "சார், பின்னாடி பாருங்க, தப்புன்னு போட்டு அனுப்பியிருக்காங்க!" ஹால் முழுக்கச் சிரிப்பு.

நல்ல ஜோக். பெருக்கல் குறியைப் பார்த்தால் எனக்கும் அதுதான் தோன்றியிருக்கும். 

"அந்தப் பொண்ணும் சிரிச்சாளா?" அம்மா கேட்டாள்.

"இல்லம்மா. ஓரமாக் கூட்டிட்டுப் போய், கைப்பையில இருந்த சின்னக் கத்தரிக்கோலால அவளே பிரிச்சு விட்டா. 'அசையாதீங்க, ஒண்ணுமில்ல, ஒண்ணுமே இல்ல'ன்னு. சின்னப் பசங்களுக்குக் கண்ணு டெஸ்ட் பண்றப்போ அந்தக் குரல்லதான் பேசுவா." சொம்பிலிருந்து தண்ணீர் குடித்தான். "அதுக்குப் பதிலா அவளும் சிரிச்சிருக்கலாம்."

பட்டையைப் பிரிக்கணும் என்று அந்த ஏழு வழி ஆள் சொல்லவேயில்லை. எல்லோருக்கும் தெரிந்ததுதானே என்று விட்டிருப்பான். கோட்டே பார்க்காத வீடும் இருக்கும் என்று அவனுக்கு எப்படித் தெரியும்?

மார்ச் 17, செவ்வாய்

அவன் அறை வாசலில் நின்றேன். என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே அவன் பேசிவிட்டான்.

"நீ ஏன் மூஞ்சியைத் தூக்கி வெச்சுட்டிருக்க? உனக்கும் தெரியல. நீ என்ன பண்ணுவ, பாவம்."

பாவமாம். நான்.

மார்ச் 19, வியாழன்

இரண்டு நாளாக வேலைக்குப் போகவில்லை. வயிற்றுவலியாம்.

மார்ச் 20, வெள்ளி

வேறு ஊர்க் கிளைக்கு மாற்றல் கேட்டு எழுதிக் கொடுத்துவிட்டான். பஸ்ஸில் ஒன்பது மணி நேரம். அப்பா சாப்பிடும்போது, "ஒரு துணி விஷயத்துக்கு ஊரை விட்டாடா போவாங்க?" என்றார். "அந்த ஜன்னல் வழியா இனிமே கையை நீட்ட முடியாதுப்பா" என்றான். அப்பாவுக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. புரிந்து என்ன?

சொன்னால் இருப்பானா? சொல்லாவிட்டால் என்னை நல்லவள் என்று நினைத்துக்கொண்டே போவான். எது மோசம்?

மார்ச் 21, சனி

அக்காவிடம் மட்டும் சொன்னேன். என் மடியிலிருந்த கோட்டை எடுத்து வேறு பக்கம் வைத்தாள். "இனிமே நீ பொத்தான் தைச்சாப் போதும்" என்றாள். "அவன்கிட்ட சொல்லிட்டியா?" என்றாள். இல்லை என்று தலையை ஆட்டினேன். "அப்புறம் என்கிட்ட என்னடி பேச்சு?"

மார்ச் 22, ஞாயிறு

சொல்லிட்டேன்.

பெட்டியில் சட்டை அடுக்கிக்கொண்டிருந்தான். நின்றபடியே சொன்னேன். எனக்குத் தெரியும்டா அண்ணா. கத்தரிக்கோலோட வந்தியே, அப்பவே தெரியும். கடையில அதைப் பிரிக்கிறதுதான் என் வேலையே. நீ என் முகத்தைப் பத்திச் சொன்னல்ல, அந்தக் கோவம். வாசல்ல சொல்லிடலாம்னு...

கேட்டுக்கொண்டே இருந்தான். மடித்த சட்டையைப் பிரித்து மறுபடி மடித்தான். ஒன்றே ஒன்று கேட்டான்.

"வாசல்ல, நிஜமா எப்படியிருக்கேன்னு கேட்டேனே. அப்பவுமா?"

"ம்."

நான் அடிக்காகக் காத்திருந்தேன். அடிச்சிருந்தா நல்லாருந்திருக்கும். அவன் கண் என் மேல் இருந்தது, ஆனால் யாரோ தெரியாத ஆளைப் பார்ப்பது போல.

"வெளிய போ" என்றான். வாலு என்று சொல்லவில்லை. என் பேரையும் சொல்லவில்லை.

மார்ச் 24, செவ்வாய்

அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. திட்டவில்லை. என் பள்ளிச் சட்டையைத் தனியாக வைத்துவிட்டு மற்ற துணிகளைத் துவைத்தாள்.

மார்ச் 29, ஞாயிறு

காலையில் போய்விட்டான். அப்பா பஸ் நிலையம்வரை போனார். "நான் வரட்டுமா?" என்று நான் கேட்கவில்லை. மாடி ஜன்னலிலிருந்து பார்த்தேன். பெட்டி ஒரு கையில், உறை போட்ட கோட்டு மறு கையில்.  தெருமுனையில் திரும்பிப் பார்த்தான். வீட்டைத்தான் பார்த்திருப்பான்.

ஏப்ரல் 1, புதன்

இன்று வகுப்பில் யாரையும் ஏமாற்றவில்லை. உடம்பு சரியில்லையா என்று மூன்று பேர் கேட்டார்கள்.

ஏப்ரல் 12, ஞாயிறு

அண்ணன் போன். ஞாயிறுதோறும் பத்து நிமிடம். அப்பாவின் முழங்கால், அம்மாவின் ஷிப்ட், பக்கத்து வீட்டு நாய்க்குட்டி, எல்லாவற்றையும் கேட்கிறான். என்னைத் தவிர. நாய்க்குட்டிகூட! அம்மா என்னைப் பார்த்துக்கொண்டே, "வேற யாரையாவது கேக்கணுமா?" என்றாள். அந்தப் பக்கம் என்ன சொன்னானோ, "சரி, சாப்பிடு" என்று வைத்துவிட்டாள்.

"நல்லா சாப்பிடுறானாம்" என்று எனக்குச் சொன்னாள். அவள் என்னிடம் மறுபடி பேச ஆரம்பித்து ஐந்து நாள் ஆகிறது.

ஏப்ரல் 18, சனி

பொத்தான், பொத்தான், பொத்தான். இருபத்திரண்டு. ஒரு ஆள் இளஞ்சிவப்புக் கோட்டில் வந்து வயிற்றை இழுத்துக்கொண்டு, "நல்லாருக்கா?" என்று என்னைக் கேட்டான். வாயில் ஆறு ஜோக் வந்து வரிசையில் நின்றது. "தோள் கொஞ்சம் பெருசு சார். அரை இன்ச் எடுத்தா நல்லாருக்கும்" என்றேன். அக்கா ஊசியை நிறுத்தி நிமிர்ந்து பார்த்தாள். 

ஏப்ரல் 26, ஞாயிறு

போன். பத்து நிமிடம். நாய்க்குட்டிக்குப் பல் முளைத்துவிட்டதா என்றான்.

மே 9, சனி

கடைக்கு ஒரு பார்சல் வந்தது. வீட்டுக்கு இல்லை, கடைக்கு. மேலே என் பெயர், அண்ணன் கையெழுத்து. அக்கா என் மேல் விட்டெறிந்துவிட்டு, "பொத்தானை வெச்சிட்டு இதைப் பாரு" என்றாள்.

உள்ளே ஒரு கறுப்பு பேன்ட். பையில் சீட்டு:

'இங்க என்னை முன் கவுன்டர்ல போட்டிருக்காங்க. இடுப்பு ரெண்டு இன்ச் குறைக்கணும். விளையாடாதே.'

திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் ஒன்றும் இல்லை. ஒன்பது மணி நேரத் தூரத்தில் தையல்காரரே கிடையாதா?

அப்புறம்தான் அந்த ரெண்டு இன்ச் உறைத்தது. இது அவனுடைய பழைய பேன்ட். போன வருடம் சரியாக இருந்தது. ஒன்றரை மாதத்தில் ரெண்டு இன்ச். நல்லா சாப்பிடுகிறானாம்.

பிரித்தேன், அளந்தேன், தைத்தேன். கோணலாகத் தெரிந்தது, பிரித்துத் திரும்பத் தைத்தேன். அக்கா மடியில் போட்டு இழுத்துப் பார்த்தாள். மிச்சத் துணியை வெட்டக் கத்தரிக்கோலை நீட்டினாள். வேண்டாம் என்றேன். உள்ளேயே மடித்துத் தைத்துவிட்டேன். வெளியே தெரியாது.

அவன் சீட்டுக்கு அடியிலேயே எழுதினேன்: 'துணியை வெட்டலை. உள்ள விட்டிருக்கேன். உடம்பு தேறினா அனுப்பு, பிரிச்சு விடுறேன்.'

வேறெதுவும் எழுதவில்லை. மாலையே அனுப்பிவிட்டேன்.

வீட்டில் அம்மா, "என்ன அனுப்பியிருந்தான்?" என்று கேட்டாள். பேன்ட் என்றேன். "என்னவாம்?"

நீளம் குறைக்க என்று சொன்னேன்.